சட்டையில் போகணும், தாளில் நிற்கணும்

ஸ்டேஷனரி கடையில் போய் இங்க் பாட்டில் கேட்டால், கடைக்காரர் திருப்பி ஒரு கேள்வி கேட்பார்: "ராயல் ப்ளூவா, பர்மனென்ட் ப்ளூவா?" பள்ளிக்கூடப் பிள்ளையோடு வந்திருக்கும் அம்மா யோசிக்காமல் "ராயல் ப்ளூவே குடுங்கண்ணே" என்பார். யூனிஃபார்ம் துவைப்பவர் அவர்தானே. கணக்குப் பேரேடு எழுதுகிற பெரியவர் அதே வேகத்தில் "பர்மனென்ட்" என்பார். இருவருக்கும் வேண்டியது நீல மைதான். ஒருவருக்கு அது போக வேண்டும். இன்னொருவருக்கு அது நிற்க வேண்டும். இரண்டும் ஒரே மையில் கிடைக்குமா என்று கேட்பவர்களும் உண்டு. மை தயாரிப்பவர்கள் இருநூறு ஆண்டுகளாக மல்லுக்கட்டுவது அந்தக் கேள்வியோடுதான்.

நீல மை பற்றிய அபிப்பிராயங்களைக் கேட்டால் தலை சுற்றும். மை பேனா பித்துப் பிடித்த நாலு பேரைக் கூட்டி வைத்து ராயல் ப்ளூ என்று சொல்லிப் பாருங்கள். "சப்பை நிறம், தண்ணி விட்ட மாதிரி" என்பார் ஒருவர். "அதைவிட ஒழுங்கான மை கிடையாது, ஆறு மாதம் பேனாவிலேயே கிடந்தாலும் கழுவினால் போய்விடும்" என்பார் அடுத்தவர். மூன்றாமவருக்கு அது ஊறுகிறது, நான்காமவருக்கு ஓடவே மாட்டேன் என்கிறது. நாலு பேரும் ஒரே பாட்டிலைத்தான் சொல்கிறார்கள். ஒருவரும் பொய் சொல்லவில்லை என்பதுதான் வேடிக்கை.

பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது என்று முதலில் பார்த்துவிடலாம். பெரும்பகுதி தண்ணீர். கரைந்த சாயம் கொஞ்சம். நிப்பு முனையிலேயே காய்ந்துவிடாமல் ஈரம் காக்கக் கிளைகால் போன்ற ஏதாவது ஒன்று, மை சீராக வழுக்கி இறங்கச் சோப்புத் தன்மையுள்ள பொருள் ஒரு துளி, பூஞ்சை பிடிக்காமலிருக்க ஒரு மருந்து. பழைய இங்க் பாட்டிலைத் திறந்ததும் ஆஸ்பத்திரி வாசனை வந்தது நினைவிருக்கிறவர்களுக்கு அந்த மருந்தைத் தெரியும்: ஃபீனால்.

ராயல் ப்ளூ வகை மைகளில் பலவற்றுக்கும் நிறம் கொடுப்பது மெத்தில் ப்ளூ குடும்பத்துச் சாயம். அதன் மூலக்கூறை மின்விசிறி போல நினைத்துக்கொள்ளலாம். நடுவில் ஒரு கார்பன் அணு. அதிலிருந்து மூன்று இறக்கைகள். ஓர் இறக்கையிலிருந்து இன்னொன்றுக்கு எலக்ட்ரான்கள் தடையில்லாமல் ஓடித் திரிகிற வரைக்கும்தான் அது நீலம். நடுக் கார்பனில் வேறு ஏதாவது போய் ஒட்டிக்கொண்டால் பாதை அறுந்துபோகும், நிறமும் போய்விடும். காரத்தன்மை ஏறினாலும் அதே கதிதான். சலவைச் சோப்பும் வாஷிங் சோடாவும் காரம். வெள்ளைச் சட்டைப் பையில் பூத்திருக்கும் நீல வட்டம் இரண்டு அலசலில் மங்கிப்போவதற்குத் துவைக்கும் கையின் பலம் மட்டும் காரணமில்லை. அப்படிப் பாடுபட்டு ஒரு நீலத்தைப் போக்கிவிட்டு, சட்டை பளிச்சென்று தெரிய அடுத்த வாளியில் நாமே சொட்டு நீலம் விடுகிறோம் என்பது தனிக் கதை.

ஜெர்மனியில் இந்தப் பலவீனத்தையே வியாபாரமாக்கினார்கள். அங்கே ஆரம்பப் பள்ளியிலேயே மை பேனா பிடிக்கப் பழக்குவது நெடுநாள் வழக்கம். 1970களிலிருந்து அந்தப் பிள்ளைகளின் பென்சில் பெட்டியில் 'டின்டன்கில்லர்' என்ற குச்சியும் சேர்ந்துகொண்டது. மைக்கொல்லி என்று பொருள். ஸ்கெட்ச் பேனா போல இருக்கும். ஒரு முனையால் தப்பான சொல்லின் மேல் தேய்த்தால் நீலம் கண்ணெதிரே மறைந்துவிடும். பெலிக்கன் 4001 ராயல் ப்ளூ போன்ற மைகள் இதற்கு ஒத்துப்போகும். உள்ளே நடப்பது மேலே சொன்னதுதான்: குச்சியிலுள்ள சல்ஃபைட் போய் விசிறியின் நடுவில் உட்கார்ந்துகொள்கிறது. சாயம் தாளைவிட்டுப் போகவில்லை, நிறத்தை மட்டும் இழந்து அங்கேயே கிடக்கிறது. அதனால் அழித்த இடத்தில் மறுபடி அதே மையால் எழுதினால் அந்த எழுத்தும் மறைந்துபோகும். குச்சியின் மறுமுனையில் வேறு வகைச் சாயத்தில் ஒரு நீலத்தை வைத்திருப்பது அதற்காகத்தான். ராயல் ப்ளூவால் காசோலையில் கையெழுத்துப் போடலாமா என்று யாராவது கேட்டால் இந்தக் குச்சியைக் காட்டினால் போதும்.

நிற்கும் மையின் கதை வேறு. அதில் நீலம் ஒரு கைத்தடியாகத்தான் உள்ளே வந்தது.

துவர்ப்புள்ள காயையும் இரும்பையும் சேர்த்தால் கறுப்பு கிடைக்கும் என்பது தமிழ் வீடுகளுக்குப் புதிதில்லை. கடுக்காய் நறுக்கிய அரிவாள்மனை கறுத்துப்போவதைப் பார்த்தவர்கள் உண்டு. கடுக்காய் மை என்பதே அந்த வித்தைதான். கலம்காரித் துணியின் கறுப்புக்கோடும் கடுக்காய், இரும்பு இரண்டின் சேர்க்கையில் வருவது. ஐரோப்பாவில் கடுக்காய்க்குப் பதில் ஓக் மரத்தில் பூச்சி முட்டையிடுவதால் உண்டாகும் முடிச்சு. அதை ஊறவைத்த சாற்றில் இரும்பு உப்பைக் கலப்பார்கள். பல நூற்றாண்டுக் கையெழுத்துப் பிரதிகளும் பத்திரங்களும் அந்த மையில்தான் இருக்கின்றன. அதில் ஒரு சங்கடம்: எழுதும்போது மை வெளிறித் தெரியும், காற்றுப் பட்டுப் பட்டுத்தான் கறுக்கும். எழுதுகிறவருக்குத் தான் எழுதுவதே சரியாகத் தெரியாது.

இதற்கு வழி கண்டவர்களில் ஒருவர் லண்டன் மருத்துவர் ஹென்றி ஸ்டீஃபன்ஸ். கவிஞர் ஜான் கீட்ஸ் மருத்துவம் படித்த நாளில் அவரோடு ஒரே அறையில் தங்கியிருந்தவர். 1830களில் அவர் விற்கத் தொடங்கிய 'ப்ளூ பிளாக்' திரவம் பெயரிலேயே விளக்கத்தை வைத்திருக்கிறது. எழுதும்போது நீலம், பிறகு கறுப்பு. 1856இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் பக்கத்தில் ஆகஸ்ட் லியோன்ஹார்டி இதே நோக்கத்துக்கு அவுரி நீலத்தையும் மஞ்சிட்டிச் சிவப்பையும் சேர்த்து 'அலிசரின் மை' என்று காப்புரிமை வாங்கினார். நீலம் அங்கே தற்காலிக வேலையாள். இரும்பு வந்து பொறுப்பேற்கும் வரை எழுத்தைக் காட்டிக்கொண்டிருப்பது மட்டும்தான் அதன் பணி. இன்று கடையில் ப்ளூ பிளாக் என்று விற்பதில் பெரும்பாலானவற்றில் இரும்பே கிடையாது. பெயரும் நிறமும்தான் மிச்சம். ஜப்பானின் பிளாட்டினம் ப்ளூ பிளாக் மாதிரி சில மட்டும் பழைய வழியை விடாமல் வைத்திருக்கின்றன.

இரும்பு மை ஏன் தோற்றது? பேனா மாறியதுதான் காரணம். தொட்டெழுதும் பேனா நிப்பு துருப்பிடித்தால் தூக்கிப் போட்டுவிட்டு வேறு போட்டுக்கொள்ளலாம். 1884இல் லூயிஸ் வாட்டர்மேன் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற பேனா, மையைத் தன் வயிற்றிலேயே சுமந்தது. நிப்புக்கு அடியில் இருக்கும் கட்டையில் நூல் போல மெல்லிய பள்ளம். அதன் வழியாக மை கீழிறங்க வேண்டும், காற்று மேலேற வேண்டும். அமிலம் கலந்த, அடியில் வண்டல் கட்டுகிற மையை அந்தப் பள்ளம் தாங்குமா? சுத்தமாகக் கரைந்து நிற்கும் சாய மைக்கு அப்படித்தான் மவுசு வந்தது. 1931இல் பார்க்கர் கம்பெனி 'குவிங்க்' கொண்டுவந்தது. சீக்கிரம் காயும் மை என்பதைச் சுருக்கி வைத்த பெயர். பேனாவை உள்ளுக்குள் சுத்தம் செய்துகொண்டே ஓடும் என்பது அதன் விளம்பரம்.

அதே 1931இல் மும்பையில் தண்டேகர் குடும்பத்தார் 'ஹார்ஸ் பிராண்ட்' என்ற பெயரில் மைத்தூளும் மை மாத்திரையும் விற்கத் தொடங்கினார்கள். மாத்திரையைத் தண்ணீரில் கரைத்தால் மைக்கூடு நிறைந்துவிடும். அந்தக் கம்பெனிதான் பின்னால் கேம்லின். அதன் ஒட்டகச் சின்ன மைப் பாட்டில் தெரியாத பள்ளிக்கூடம் இந்தியாவில் இருந்திருக்காது. மூன்று வருடம் கழித்து, 1934இல், வங்காளத்து ராஜ்ஷாஹியில் மைத்ரா சகோதரர்கள் 'சுலேகா' மையைத் தொடங்கினார்கள். அந்நிய மையால் சுதேசிக் கடிதம் எழுதுவது காந்திக்கு உறுத்தியது; அந்த உறுத்தலிலிருந்து பிறந்த முயற்சி அது. கம்பெனி பிறகு கல்கத்தாவுக்கு மாறியது. 1980களின் கடைசியில் மூடப்பட்டது, 2020இல் மை பாட்டிலோடு திரும்பி வந்தது. இடையில் அத்தனை வருடமும் ஜாதவ்பூரில் ஒரு நாற்சந்தியின் பெயர் மட்டும் 'சுலேகா மோர்' என்றே இருந்தது. பஸ் நிறுத்தத்தின் பெயராகவும் வாழ்ந்த மை வேறெங்காவது உண்டா தெரியவில்லை.

இனி, நாலு பேரின் நாலு அபிப்பிராயத்துக்கு வரலாம்.

மையைக் குறை சொல்வதில் பாதி, பேனாவைச் சொல்ல வேண்டிய குறை. இங்க் ஃபில்லரால் சொட்டு விட்டு நிரப்பும் பழைய பாணிப் பேனாவில் பாதி மை தீர்ந்ததும் மீதி இடத்தில் காற்று நிற்கும். கையின் சூட்டில் அந்தக் காற்று விரிந்து மையைக் கீழே தள்ளும். பளக்கென்று ஒரு சொட்டு நோட்டில் விழும். "இந்த மை ரொம்ப லீக் ஆகுது" என்பார் பேனாக்காரர். மை பாவம், தள்ளியது காற்று. வெயிலில் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பஸ் பிடித்தாலும் இதே கதைதான். நேர்மாறாகவும் நடக்கும். மூடி சரியாக இறுகாத பேனாவில் இரண்டு வாரம் மை கிடந்தால் தண்ணீர் ஆவியாகி, சாயம் செறிந்து, வெளிறிய ராயல் ப்ளூ கூடக் கருநீலமாக எழுதும். அந்த நேரம் பார்த்தவர் "அருமையான நிறம்" என்று பாட்டில் வாங்கிப்போய் ஏமாறுவார்.

பேனா மெல்லிய நிப்பா பட்டை நிப்பா என்பதே நிறத்தை மாற்றிவிடும். ஒரே மை மெல்லிய நிப்பில் சாம்பல் கலந்த நீலம், பட்டையில் பளபளக்கும் நீலம். பேனாக்காரர்கள் மைகளை 'வறண்டது', 'ஈரமானது' என்று பிரிப்பார்கள். பெலிக்கன் 4001 வறண்டது, வாட்டர்மேன் ஈரமானது என்பது அவர்களிடையே ஏறத்தாழ ஒப்புக்கொள்ளப்பட்ட தீர்ப்பு. திருவள்ளூரில் கடைந்தெடுக்கும் எபோனைட் பேனாக்கள் மாதிரி தாராளமாக மை விடும் பேனாவுக்கு வறண்ட மை பொருந்தும். கஞ்சப் பேனாவுக்கு ஈரமான மை. ஜோடி மாறினால் இரண்டுக்கும் கெட்ட பெயர்.

தாள் இன்னும் பெரிய கள்ளன். மை ஊறாமலிருக்கத் தாள் செய்யும்போதே ஒருவகைப் பசை சேர்ப்பார்கள். அது குறைந்த நோட்டில் எந்த மையும் மீன்முள் மாதிரி கிளைவிட்டுப் பரவும், பின்பக்கம் தெரியும். மழைக்காலத்தில் அலமாரியிலிருந்து எடுத்த நோட்டு ஈரம் குடித்திருக்கும். சித்திரையில் நன்றாக எழுதிய அதே மை ஐப்பசியில் ஊறும். மை மாறவில்லை.

இதில் தமிழ் எழுதுகிறவருக்கென்று தனிச் சிக்கல் ஒன்று உண்டு, மேலைநாட்டார் சொல்லும் மதிப்பீடுகளில் அது இருக்காது. ஆங்கில எழுத்து கொஞ்சம் தடித்தாலும் படித்துவிடலாம். தமிழில் 'ன'வுக்கு இரண்டு சுழி, 'ண'வுக்கு மூன்று. சுழிகள் அரிசி மணி அளவுக்குள் நெருங்கி நிற்பவை. மை கொஞ்சம் பரவினால் சுழியின் வயிறு அடைபட்டு இரண்டும் ஒரே மாதிரித் தெரியும். 'ணை', 'னை' வந்தால் கேட்கவே வேண்டாம். புள்ளி இன்னொரு சோதனை. பேனாவை வைத்து எடுக்கும் அந்த நொடியில் ஈரமான மை கடுகளவு புள்ளியை மிளகளவு ஆக்கிவிடும். இகர விலங்கின் மேல் அது ஒட்டிக்கொண்டால் எழுத்தே மாறும். அதனால் தமிழில் ஒரு மையைச் சோதிக்க "கண்ணன் எண்ணியதை மன்னன் பண்ணினான்" என்று ஒரு வரி எழுதிப் பார்ப்பது உத்தமம். சுழிகளுக்குள் வெள்ளை தெரிந்தால் மையும் தாளும் பேனாவும் ஒத்துப்போகின்றன என்று பொருள். அந்தச் சோதனையில், விலை உயர்ந்த பல நீலங்களைவிட வறண்ட ராயல் ப்ளூ நன்றாகத் தேறும். சப்பை என்று பெயர் வாங்கிய மைக்கு இது ஒரு சிறு ஆறுதல்.

விலை உயர்ந்த நீலங்கள் என்றதும் மூன்று பெயர்கள் தவறாமல் வரும். பார்க்கர் 1990களில் விற்றுப் பின் நிறுத்திவிட்ட 'பென்மன் சஃபையர்' ஒன்று. நிறுத்தியதாலேயே காவியத் தலைவி அந்தஸ்து அடைந்துவிட்டது. பழைய பாட்டிலை அதிக விலை கொடுத்துத் தேடுகிறவர்கள் இன்றும் உண்டு. இரண்டாவது ஜப்பானின் பைலட் கம்பெனி 2007இல் தொடங்கிய இரோஷிசுகு வரிசையில் வரும் 'கொன்பெக்கி'. ஆழ்ந்த வான்நீலம் என்று சொல்லலாம். 50 மில்லி இந்தியாவில் ஆயிரம் ரூபாய்க்கு மேல். பள்ளிக்கூட ராயல் ப்ளூ 60 மில்லி நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். மூன்றாவது, அமெரிக்காவின் நூட்லர்ஸ் 'பேஸ்டேட் ப்ளூ'. கண்ணைப் பறிக்கும் நிறம். ஆனால் இது ராயல் ப்ளூவின் நேர் எதிரி: பட்ட இடத்தில் பச்சை குத்திய மாதிரி நிற்கும். வெளிர் நிறப் பேனாவின் பிளாஸ்டிக் நீலமாகிவிடும், வேறு மையோடு கலந்தால் திரியும், கழுவப் பிளீச்சிங் திரவம் கலந்த தண்ணீர் வேண்டும். அதற்கென்றே ஒரு மலிவுப் பேனாவை ஒதுக்கி வைப்பது அதன் ரசிகர்கள் வழக்கம்.

சமீப வருடங்களில் இன்னொரு மோகம் கிளம்பியிருக்கிறது: சிவப்பு மினுக்கு. சாயத்தை அளவுக்கு மேல் ஏற்றிய நீல மைகள், ஊறாத வழுவழுத் தாளில் காயும்போது மேலே படலமாகப் படிந்து, மயில்கழுத்து மாதிரி, சாய்த்துப் பார்த்தால் செம்பு நிறம் காட்டும். பார்க்க அழகுதான். ஆனால் அந்தப் படலம் தாளுக்குள் இறங்காமல் மேலேயே கிடக்கிறது. ஒரு வாரம் கழித்து வியர்த்த கையால் தொட்டாலும் விரலோடு வந்துவிடும். சென்னை மே மாதத்தில் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து எழுதுகிறவருக்கு அது எத்தனை நாள் இனிக்கும் என்று சொல்வதற்கில்லை.

'பர்மனென்ட்' என்ற சொல்லையும் கொஞ்சம் தட்டிப் பார்க்க வேண்டும். லேபிளில் அப்படிப் போட்டிருப்பதால் மழைத்தண்ணீரைத் தாங்கும் என்று பலர் நம்பிவிடுகிறார்கள். பெரும்பாலான பர்மனென்ட் ப்ளூக்களும் சாய மைகளே. துணியிலிருந்து சுலபமாகப் போகாது என்பதே அந்தச் சொல்லின் உள்ளர்த்தம். அதாவது, சட்டையில் நிற்கும், தாளில் தண்ணீர் பட்டால் ஓரளவு கலங்கும். வாங்குகிறவர் கேட்டதற்கு நேர் தலைகீழ்! இரும்பு மையை விட்டால், உண்மையிலேயே நிற்பவை நுண்துகள் மைகள். அவற்றில் நிறம் கரையாமல், மிக நுண்ணிய தூளாகத் தண்ணீரில் மிதக்கும். தாளின் நாரில் சிக்கிக்கொண்டால் பிறகு அசையாது. சோம்பேறிகளுக்கு அது ஒத்துவராது. பேனாவில் காயவிட்டால் நாரில் சிக்குவது போலவே கட்டையின் பள்ளத்திலும் சிக்கிக்கொள்ளும்.

தமிழ்நாட்டுப் பொதுத்தேர்வு வினாத்தாளின் தலையில் நீலம் அல்லது கறுப்பு மையால் எழுதச் சொல்லும் குறிப்பு இருக்கும். எந்த நீலம் என்று அது சொல்வதில்லை. மை பேனாவில் பரீட்சை எழுதிய தலைமுறைக்குத் தெரியும், உள்ளங்கை வியர்வை ஒரு சொட்டு விழுந்தால் ராயல் ப்ளூவில் எழுதிய வரி எப்படிக் குளமாகும் என்று. பக்கத்தில் சாக்பீஸ் இருந்தால் ஒற்றி எடுப்பார்கள். அதே சாக்பீஸில் இன்னொரு வேடிக்கையும் செய்யலாம். அடியிலிருந்து ஒரு விரற்கடை மேலே மையால் ஒரு பொட்டு வைத்து, பொட்டு நனையாத அளவு தண்ணீரில் சாக்பீஸை நிறுத்தினால், ஈரம் மேலேறும்போது சாயத்தையும் கூட்டிக்கொண்டு போகும். எளிய நீலம் ஏறத்தாழ ஒற்றை நிறமாக ஏறும். ப்ளூ பிளாக் என்றால் அதற்குள் ஒளிந்திருக்கும் ஊதாவும் பச்சையும் தனித்தனி வளையமாகப் பிரிந்து நிற்பதுண்டு. பத்து நிமிடம் போதும்.

எந்த மை எவ்வளவு காலம் நிற்கும் என்று பார்க்கக் கொஞ்சம் பொறுமை வேண்டும். வீட்டிலிருக்கும் மைகளால் ஒரே தாளில் வரிவரியாக எழுதி, தாளின் வலது பாதியை அட்டையால் மூடி, வெயில் விழும் ஜன்னலில் ஒட்டிவிட வேண்டும். ஒரு மாதம் கழித்து அட்டையை எடுத்தால் ராயல் ப்ளூ வரி மூடிய பாதியில் நல்ல நீலமாகவும் மீதி ஊதாச் சாம்பலாகவும், சில சமயம் வெறும் தழும்பாகவும் தெரியும். இரும்பு கலந்ததும் நுண்துகள் மையும் அவ்வளவாக அசைந்திருக்காது. மூடிய புத்தகத்துக்குள் இருக்கும் பழைய டைரி நீலமாகவே இருக்க, சுவரில் மாட்டிய வாழ்த்துமடல் மட்டும் வெளிறிப்போவதும் இதனால்தான். ஒவ்வொரு வரிக்கும் எதிரே மையின் பெயரையும் தேதியையும் பென்சிலால் குறித்து வைப்பது நல்லது. அந்தந்த மையாலேயே குறித்தால் வரியோடு சேர்ந்து பெயரும் போய்விடும்.